இன்று மாலை எங்கே கூட்டம்?

(கட்சி உறுப்பினர்களுக்கான வகுப்பில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



கட்சிக் கிளைச் செயலாளரிடம் மக்கள் கொண்டுவரும் கோரிக்கைகள் பலவகைப்பட்டவை. குடும்ப அட்டை, முதியோர் ஓய்வூதியம், கூலி பாக்கி, பள்ளிச் சேர்க்கை, காவல் நிலையத்தில் பிடித்துவைக்கப்பட்ட மகன். இவை ஒவ்வொன்றுக்கும் எந்த அலுவலகம், எந்த மேசை, எத்தனை நகல் என்பது அவருக்கு மனப்பாடம். ஆனால் ஒரு தொழிலாளி இரவு ஒன்பது மணிக்கு வந்து, தலையைக் குனிந்துகொண்டு, "இந்தக் குடியை விட்டுவிட வேண்டும் தோழர், எங்கே போவது?" என்று கேட்டால் பெரும்பாலான செயலாளர்களிடம் விடை இருப்பதில்லை. "மன உறுதி வேண்டும் தோழர்" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். வந்தவர் மன உறுதியைப் பற்றிக் கேட்கவில்லை. அவர் கேட்டது ஒரு முகவரி.

அந்த முகவரியைப் பற்றியதே இந்த உரை.

முதலில் பிரச்சினையின் அளவைப் பார்க்க வேண்டும். மத்திய சமூகநீதி அமைச்சகத்துக்காக தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் தேசியப் போதைச் சார்பு சிகிச்சை மையம் நாடு தழுவிய ஆய்வொன்றை நடத்தி, அதன் அறிக்கையை 2019இல் வெளியிட்டது. 10 வயது முதல் 75 வயது வரையிலான மக்களில் 14.6 சதவீதத்தினர், அதாவது ஏறத்தாழ 16 கோடிப் பேர், மது அருந்துகின்றனர் என்று அது கூறியது. அவர்களில் மதுவுக்கு அடிமையாகிவிட்டோர் ஏறத்தாழ 2.9 கோடிப் பேர். இந்த எண்ணிக்கை பத்திரிகைகளில் வந்தது, மறக்கவும் பட்டது. அதே அறிக்கையின் இன்னொரு கணக்கைத்தான் தோழர்கள் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டும். மதுவுக்கு அடிமையானோரில் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் ஒரு சிகிச்சை கிடைத்ததாகத் தெரிவித்தார். மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றவரோ 180 பேருக்கு ஒருவர்.

மீதி 37 பேரும் குடியை விட விரும்பாதவர்கள் என்று சொல்லிவிட முடியாது. அவர்களில் பெரும்பாலோர் ஒரு முறையல்ல, பத்து முறை நிறுத்திப் பார்த்தவர்கள். கோயிலில் சத்தியம் செய்தவர்கள், பிள்ளையின் தலையில் அடித்துச் சொன்னவர்கள், மாலை போட்டு நாற்பது நாள் தாண்டியவர்கள். நிறுத்திய பிறகு அந்த நிறுத்தத்தைக் காப்பாற்றும் இடம் எது என்பதுதான் அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை.

உழைக்கும் வர்க்க இயக்கத்துக்கு இது புதிய கேள்வியன்று. இங்கிலாந்துத் தொழிலாளி வர்க்கத்தின் நிலைமை பற்றி 1845இல் வெளிவந்த நூலில் எங்கெல்ஸ், குடிப்பழக்கத்தைத் தனிமனிதனின் ஒழுக்கக் கேடாகப் பார்க்க மறுத்தார். ஈரமான வீடு, பதினான்கு மணி நேர வேலை, செரிக்காத உணவு, வேறு எந்தக் களிப்பும் அற்ற வாழ்க்கை ஆகியவற்றிலிருந்து அது விளைவதாக அவர் காட்டினார். ஆஸ்திரியாவில் விக்டர் அட்லர், தாமே மருத்துவர் என்பதால், தொழிலாளர் அமைப்பு குடியை நேரடியாக எதிர்கொள்ள வேண்டும் என்று வாதிட்டார். காவுட்ஸ்கி வேறு கோணத்தில் பேசினார். தொழிலாளர்கள் கூடிப் பேச ஜெர்மனியில் மதுக்கடையை விட்டால் வேறு இடம் இல்லை என்பதை மறந்துவிடக் கூடாது என்றார் அவர். இருவரும் பார்த்தது ஒரே நாணயத்தின் இரண்டு பக்கங்கள். மது ஒரு நோய், மதுக்கடை ஒரு கூடுமிடம். கூடுமிடத்தைப் பறித்துவிட்டு அதற்கு ஈடாக எதையும் தராவிட்டால், நோயாளி மீண்டும் அங்கேயே போய் நிற்பார்.

இந்திய அனுபவம் இதை இரண்டு இடங்களில் தெளிவாகக் காட்டுகிறது.

முதலாவது தல்லி ராஜ்ஹரா. பிலாய் உருக்காலைக்கு இரும்புத் தாது தரும் சத்தீஸ்கர் சுரங்கங்களில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் 1977இல் சங்கர் குஹா நியோகியின் தலைமையில் தனிச் சங்கம் அமைத்தார்கள். அதே ஆண்டு ஜூனில் துப்பாக்கிச் சூட்டில் தோழர்களைப் பலிகொடுத்தார்கள், போராடிக் கூலியை உயர்த்தினார்கள். கூலி உயர்ந்ததும் சாராயக் கடையின் கல்லாவும் நிறைந்தது. சங்கம் வென்ற பணத்தைச் சாராய ஒப்பந்தக்காரர் கொண்டுபோனார். இது ஒழுக்கப் பிரச்சினை என்று சங்கம் ஒதுங்கிக்கொள்ளவில்லை. கூலிப் போராட்டத்தின் தொடர்ச்சியாகவே மது எதிர்ப்பு இயக்கத்தை நடத்தியது. பெண் தொழிலாளர்கள் அதன் முன்வரிசையில் நின்றனர். 1983இல் தொழிலாளர்கள் தம் சொந்தப் பணத்திலும் உழைப்பிலும் ஷஹீத் மருத்துவமனையைத் திறந்தனர். நியோகி 1991 செப்டம்பர் 28 அன்று பிலாயில் சுட்டுக்கொல்லப்பட்டார். கூலி, குடி, உடல்நலம் மூன்றும் ஒரே சங்கத்தின் வேலை என்ற அவருடைய பார்வை இன்றைக்கும் பெரும்பாலான தொழிற்சங்கங்களுக்கு எட்டாத உயரத்திலேயே இருக்கிறது. இதை ஒப்புக்கொள்வதில் வெட்கப்பட வேண்டியதில்லை. எட்ட முயலாமல் இருப்பதுதான் வெட்கம்.

இரண்டாவது நெல்லூர் மாவட்டத்தின் தூபகுண்டா. எழுத்தறிவு இயக்கத்தில் படிக்க வந்த கிராமத்துப் பெண்கள், படித்த பாடத்தைக் கையோடு எடுத்துக்கொண்டு 1992இல் சாராயக் கடைகளை மறித்தனர். அது ஆந்திரம் முழுவதும் பரவியது. 1993 அக்டோபர் 1 முதல் சாராயம் தடைசெய்யப்பட்டது, 1995இல் முழு மதுவிலக்கு வந்தது, 1997இல் அது கைவிடப்பட்டது. வருவாய் இழப்பு என்று அரசு காரணம் சொன்னது. அந்தப் பெண்களின் போராட்டத்தைக் குறைத்து மதிப்பிடுவது இதன் நோக்கமன்று. நாட்டின் பெண்கள் இயக்க வரலாற்றில் அது ஒரு மைல்கல். ஆனால் கடை மூடியிருந்த ஆண்டுகளில், உள்ளே அடிமைப்பட்டுக் கிடந்த ஆணுக்கு என்ன சிகிச்சை, எந்த ஊரில், யார் மூலம் என்ற கேள்விக்கு அரசு விடை தேடவில்லை. கடை மீண்டும் திறந்தபோது வாடிக்கையாளர்கள் காத்திருந்தார்கள். பீகாரில் 2016 ஏப்ரல் முதல் மதுவிலக்கு நடைமுறையில் இருக்கிறது. 2022 டிசம்பரில் சாரண் மாவட்டத்தில் விஷச் சாராயம் குடித்து எழுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். இறந்தவர்கள் யார் என்று கேட்கவே வேண்டியதில்லை. கூலிக்காரர்கள்.

ஆகவே மது வருவாயை எதிர்க்கும் போராட்டம் வேறு, குடிநோயாளி ஒருவர் இன்று இரவு குடிக்காமல் தூங்கப் போவது வேறு. முதலாவதைக் கட்சி செய்யும், செய்தாக வேண்டும். மதுவை ஜிஎஸ்டிக்கு வெளியே வைத்துக்கொண்டு மாநில அரசுகள் அதன் மீதான வரியை நம்பி வரவு செலவுத் திட்டம் போடுகின்றன. இடதுசாரிகள் ஆண்ட மாநிலங்களும் இந்த வருவாயிலிருந்து விடுபட்டதில்லை என்பதையும் மறைக்காமல் பேச வேண்டும். சோவியத் அரசே 1925இல் வோட்கா ஏகபோகத்துக்குத் திரும்பியது. இந்தப் பெரிய கணக்கு தீரும் வரை ஒன்பது மணிக்கு வாசலில் நிற்கும் தொழிலாளியைக் காத்திருக்கச் சொல்ல முடியாது. அவருக்கு நாளைக் காலைக்குள் ஒரு வழி வேண்டும்.

அந்த வழியின் முதல் படி கூட்டம் அன்று, மருத்துவர். இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. நாள்தோறும் பல ஆண்டுகளாகக் குடித்தவர் ஒரே நாளில் நிறுத்தினால், சில மணி நேரத்தில் கை நடுங்கும், வியர்க்கும், தூக்கம் போகும். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம், மூன்றாம் நாளில் சிலருக்குப் புத்தி தடுமாறி, இல்லாத உருவங்கள் தெரியத் தொடங்கும். கவனிக்காவிட்டால் உயிரே போகும். "மூன்று நாள் அறையில் பூட்டிவைத்தால் சரியாகிவிடும்" என்று சொல்பவர் நல்லெண்ணத்தோடு கொலை செய்கிறார். அரசு மாவட்ட மருத்துவமனையின் மனநலப் பிரிவில் இதற்கு மருந்து உண்டு. வைட்டமின் பி1 ஊசி உண்டு, ஒரு வாரம் பத்து நாளில் உடல் நிலைப்படும். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, மதுப் பயன்பாட்டோடு தொடர்புடைய மன நிலைகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் சேர்த்திருக்கிறது. எனவே இந்தச் சிகிச்சையைக் கேட்பது சலுகை கேட்பதாகாது. அரசின் இலவச உதவி எண்கள் இரண்டு: போதை மீட்புக்கு 14446, மனநலத்துக்கான டெலி மானஸ் 14416. டெலி மானஸில் தமிழிலும் பேசலாம். பெங்களூரில் நிம்ஹான்ஸ், தில்லியை அடுத்த காஜியாபாத்தில் எய்ம்ஸ் மையம் போன்ற பெரிய நிறுவனங்களும் உண்டு.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள். கணவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கும் பொடி ஒன்று ஊர்தோறும் விற்கப்படுகிறது. சிலவற்றில் இருப்பது டைசல்ஃபிரம். மருத்துவக் கண்காணிப்பில் நோயாளியின் முழுச் சம்மதத்தோடு தர வேண்டிய மருந்து அது. தெரியாமல் கொடுத்து அவர் மேலே குடித்துவிட்டால் நெஞ்சே நின்றுபோகலாம். அடுத்து, பதிவுபெறாத தனியார் "மறுவாழ்வு இல்லங்கள்". வீட்டிலிருந்து ஆளைத் தூக்கிக்கொண்டு போவது, கட்டிவைப்பது, அடிப்பது, மாதாமாதம் பணம் பறிப்பது என்ற அளவில் சில இடங்கள் இயங்குகின்றன. உரிமம் இருக்கிறதா, மருத்துவர் இருக்கிறாரா, குடும்பத்தார் எந்நேரமும் வந்து பார்க்கலாமா என்று கேட்காமல் எந்தத் தோழரும் யாரையும் அங்கே பரிந்துரைக்கக் கூடாது.

உடல் தெளிந்துவிட்டது. பதினோராம் நாள் வீடு திரும்பினார். இனிதான் சிக்கல் தொடங்குகிறது. அதே தெரு, அதே கடன், அதே மேஸ்திரி, அதே நண்பர்கள். மாலை ஏழு மணிக்குக் கால்கள் தாமாகவே நடக்கும் திசை ஒன்று உண்டு. அந்த ஏழு மணிக்கு அவர் வேறு எங்கே போக வேண்டும்?

உலகின் பெரும்பாலான நாடுகளில் இதற்குக் கிடைக்கும் விடை ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ. 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், மீள முடியாதவர்கள் என்று கைவிடப்பட்ட இரண்டு குடிநோயாளிகள், ஒரு பங்குத் தரகரும் ஓர் அறுவை மருத்துவரும், ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்டே குடிக்காமல் இருக்க முடிகிறது என்று கண்டுகொண்டதில் அது பிறந்தது. இந்தியாவில் 1957இல் பம்பாயில் தொடங்கியது. அதன் இந்தியப் பொதுச் சேவை அலுவலகம் இன்றும் மும்பையில்தான் இருக்கிறது. மகாராஷ்டிரத்தில் இதற்கு இணையாக இன்னொரு மரபும் உண்டு. 1986இல் புனேயில் மனநல மருத்துவர் அனிதா அவச்சட்டும், சோஷலிச இயக்கப் பின்னணி கொண்ட எழுத்தாளர் அனில் அவச்சட்டும் தொடங்கிய முக்தாங்கண் மையம், சிகிச்சை முடிந்து சென்றவர்களுக்காக அவரவர் ஊர்களிலேயே தொடர் கூட்டங்களை நடத்துகிறது. குடித்து மீண்டவர்களே அங்கே ஊழியர்களாகப் பணிபுரிகிறார்கள். மனைவியருக்குத் தனிக் குழு உண்டு.

கூட்டத்தில் என்ன நடக்கிறது என்று தெரியாததால்தான் பலர் வாசல் வரை போய்த் திரும்புகிறார்கள். எனவே அதை விரிவாகச் சொல்வது நல்லது. இடம் பெரும்பாலும் ஒரு பள்ளி வகுப்பறை, தேவாலயத்தை ஒட்டிய அறை, அல்லது மருத்துவமனையின் ஒரு மூலை. மாலை ஆறரைக்கோ ஏழுக்கோ தொடங்கி, ஒரு மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் நடக்கும். பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு மேசை, தேநீர். தலைமை ஏற்பவர் பதவியில் இருப்பவர் அல்லர், முறை வைத்து மாறுகிறவர். சில பக்கங்கள் வாசிக்கப்படும். பின் ஒவ்வொருவராகப் பேசுவார்கள். பேசுபவர் தம் முதற்பெயரைச் சொல்லி, தாம் ஒரு குடிநோயாளி என்று சொல்லித் தொடங்குவார். என்ன குடித்தார், என்ன இழந்தார், எப்போது நிறுத்தினார், இன்று எப்படி இருக்கிறது. குறுக்கே யாரும் பேசுவதில்லை, அறிவுரை சொல்வதில்லை. கைதட்டி முடித்து அடுத்தவர். சுயவிமர்சனத்தில் பழகிய தோழர்களுக்கு இது ஓரளவு பரிச்சயமாகத் தோன்றும். ஒரே ஒரு வேறுபாடு, முடிவில் தீர்மானம் போடுவதில்லை.

கட்டணம் கிடையாது. ஒரு பை சுற்றி வரும், உறுப்பினர்கள் முடிந்ததைப் போடுவார்கள், புதிதாக வந்தவர் போட வேண்டியதில்லை. உறுப்பினராவதற்கு ஒரே தகுதி, குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம். சேர்க்கைப் படிவம் இல்லை, சாதி, மதம், கட்சி கேட்பதில்லை, வருகைப் பதிவேடு இல்லை. கூட்டங்கள் இருவகை. மூடிய கூட்டத்துக்குக் குடிநோயாளிகள் மட்டும் செல்லலாம். திறந்த கூட்டத்துக்குக் குடும்பத்தாரும் ஆர்வமுள்ளோரும் போகலாம். முதல் மூன்று மாதம் நாள்தோறும் ஒரு கூட்டத்துக்குப் போகச் சொல்வது அங்குள்ள பழக்கம். வாழ்நாள் முழுவதும் குடிக்காதே என்று யாரும் கேட்பதில்லை, இன்று ஒரு நாள் மட்டும் என்றுதான் கேட்கிறார்கள். பசி, கோபம், தனிமை, களைப்பு ஆகிய நான்கும் குடியை அழைத்து வரும் வழிகள் என்பது அவர்களின் அனுபவப் பாடம். பன்னிரண்டு மணி நேரம் வேலை பார்த்த கட்டுமானத் தொழிலாளிக்கு மாலையில் இந்த நான்கும் சேர்ந்தே இருக்கும் என்பதை இங்கே சேர்த்துக்கொள்ளலாம்.

இது பயன் தருகிறதா? 2020இல் காக்ரேன் நிறுவனம் 27 ஆய்வுகளை, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரின் தரவுகளோடு தொகுத்துப் பார்த்தது. தொடர்ந்து மதுவின்றி இருக்கும் அளவுகோலில், முறையாக ஏ.ஏ. கூட்டங்களோடு இணைக்கும் சிகிச்சை மற்ற உளவியல் சிகிச்சைகளைவிட மேலான பலன் தந்தது. பிற அளவுகோல்களில் அவற்றுக்கு இணையாக நின்றது. அந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை அமெரிக்காவில் நடந்தவை. இந்தியத் தொழிலாளியின் வாழ்க்கையை அவை அளந்ததாகக் கொள்ள முடியாது. ஆயினும் இது வெறும் நம்பிக்கைக் கூட்டம் என்று ஒதுக்கிவிடுவதற்கும் இடமில்லை.

இந்த இடத்தில் தோழர்கள் எழுப்பக்கூடிய ஆட்சேபம் ஒன்று உண்டு. ஏ.ஏ.யின் பன்னிரண்டு படிகளில் கடவுள் வருகிறார், மேலான சக்தி வருகிறது. சில கூட்டங்கள் பிரார்த்தனையோடு முடிகின்றன. பொருள்முதல்வாதியான ஒரு தோழர் அங்கே என்ன செய்வார்?

நேர்மையான விடை இது. அந்த மொழி அங்கே இருக்கிறது, அதை இல்லை என்று மழுப்ப வேண்டாம். ஆனால் அந்த அமைப்பின் தொடக்க ஆண்டுகளிலேயே நாத்திகர்கள் உள்ளே இருந்து சண்டையிட்டு, அவரவர் விளங்கிக்கொண்டபடி என்ற தளர்வைச் சேர்க்க வைத்தார்கள். இன்று பல நாத்திகர்கள் அந்த மேலான சக்தி என்பதற்குக் குழுவையே பொருளாகக் கொள்கிறார்கள். தனி ஆளாகத் தோற்றவர், கூட்டாக வென்றார் என்ற செய்தியில் கம்யூனிஸ்ட் ஒருவர் மறுக்க என்ன இருக்கிறது? பிரார்த்தனையின்போது வாய் திறக்காமல் நிற்பது எவரையும் பாதிப்பதில்லை. தொழிற்சங்கத் தலைவர்கள் ஆலை வாயிலில் ஆயுத பூஜைப் பொரியை வாங்கிக்கொண்டு நிற்கவில்லையா? கடவுள் என்ற சொல் வருகிறது என்பதற்காக ஒரு தோழரை அந்த வாசலிலிருந்து திருப்பி அழைத்து வருபவர், அவரைக் கொள்கையின் பெயரால் கடைக்கே அனுப்புகிறார். கடவுளின்றி, உளவியல் பயிற்சியை அடிப்படையாகக் கொண்ட குழுக்களும் உலகில் உண்டு. 1994இல் அமெரிக்காவில் தொடங்கிய ஸ்மார்ட் ரெக்கவரி அவற்றுள் ஒன்று. அதன் கூட்டங்கள் கைபேசி வழியாகவும் நடக்கின்றன. ஆங்கிலம் தெரிந்த தோழர்களுக்கு அது உதவலாம்.

இன்னொரு செய்தி தோழர்களுக்கு எரிச்சல் தரலாம். ஏ.ஏ. எந்த வெளிப் பிரச்சினையிலும் கருத்துச் சொல்லாது. மதுவிலக்கு பற்றிக்கூடச் சொல்லாது. சாராய முதலாளியும் அவருடைய கடை ஊழியரும் அங்கே பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்காரலாம். அது வர்க்கப் போராட்ட அமைப்பு அன்று, அப்படி ஆக்க முயலவும் கூடாது. கட்சித் துண்டறிக்கையை அங்கே விநியோகிக்க வேண்டாம், உறுப்பினர் சேர்க்க வேண்டாம். மருத்துவமனை வார்டில் யாரும் சந்தா நோட்டை விரிப்பதில்லை அல்லவா?

இனி முகவரி எப்படிக் கிடைக்கும் என்பது. மும்பை தாராவியில் தோல் பட்டறையில் வேலை செய்யும் தமிழ்த் தொழிலாளி ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம். அவர் மனைவி கிளைச் செயலாளரிடம் வருகிறார். பெரிய நகரங்களில் ஏ.ஏ.யின் குழுக்களை இணைக்கும் இன்டர்குரூப் அலுவலகம் உண்டு. அதன் தொலைபேசியை எடுப்பவரும் குடித்து மீண்டவராகவே இருப்பார். அவரிடம் நான்கு கேள்விகள் கேட்க வேண்டும். எந்தக் கூட்டம் இவர் வேலை முடியும் நேரத்துக்கு ஒத்துவரும், எந்த மொழியில் நடக்கிறது, திறந்ததா மூடியதா, வாசலில் சந்திக்க ஒருவர் வருவாரா. கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலும் ஆம் என்றே பதில் வரும். புதியவருக்கு உதவுவது அவர்கள் குடிக்காமல் இருப்பதற்கான வழிகளில் ஒன்று. மொழி முக்கியம். மராத்தியில் நடக்கும் கூட்டத்தில் தன் அவமானத்தை இந்தியில் சொல்லச் சொன்னால், தமிழில் அழத் தெரிந்தவர் வாய் மூடிக்கொள்வார். தமிழில் கூட்டம் இல்லையெனில், குழுவில் தமிழ் பேசும் ஒருவர் உண்டா என்று கேட்க வேண்டும். தில்லி, பெங்களூர், மும்பையில் வாழும் தமிழ்த் தோழர்கள் இந்தத் தகவலைத் தம் பகுதிக்காகத் திரட்டி வைப்பது பெரிய வேலையன்று.

முதல் நாள் அவரைத் தனியாக அனுப்பக் கூடாது. ஒரு தோழர் உடன் போக வேண்டும், வாசல் வரை. மூடிய கூட்டமெனில் அங்கேயே நின்றுவிட வேண்டும். போகும் வழியில் மதுக்கடை இருந்தால் வழியை மாற்ற வேண்டும். சம்பள நாளன்று தொடங்க வேண்டாம், அதற்கு முந்தைய நாள் தொடங்கலாம். இவையெல்லாம் அற்பமாகத் தெரியும். குடிநோயாளியின் முதல் வாரம் இந்த அற்பங்களால்தான் ஆனது.

அந்த மனைவியையும் மறக்கக் கூடாது. குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்காக 1951இல் அமெரிக்காவில் தொடங்கிய அல்-அனான் இந்தியாவிலும் இயங்குகிறது. கணவர் குடியை நிறுத்தாவிட்டாலும் மனைவி அங்கே போகலாம். பல வீடுகளில் முதலில் நலம் பெறுகிறவர் அவரே. குடிக்கும் பெண்களின் நிலை இன்னும் கடினம். தோட்டங்களிலும் செங்கல் சூளைகளிலும் குடிக்கும் பெண் தொழிலாளி, ஆண்கள் மட்டுமே நிறைந்த அறைக்குள் நுழைந்து தன்னைப் பற்றிப் பேசுவார் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று. பெண்கள் அமைப்பின் தோழர்கள் இதைத் தனியாக எடுத்துக்கொள்ள வேண்டும். கழிவுநீர்க் குழிக்குள் இறங்குகிறவர்கள் குடிக்காமல் அந்த நாற்றத்தைத் தாங்க முடியாது என்கிறார்கள். அவர்களிடம் கூட்டத்துக்கு வா என்று சொல்வதற்கு முன், குழிக்குள் இறங்காதே என்று சொல்லும் நிலைமையை உருவாக்கியாக வேண்டும். கட்சியின் பெரிய வேலையும் சிறிய வேலையும் இங்கே பிரிக்க முடியாதபடி கலந்துவிடுகின்றன.

கட்சிக்குள்ளேயே இருக்கும் குடிநோயாளி பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. மாநாட்டின் பகல் அமர்வில் மது எதிர்ப்புத் தீர்மானம், இரவு விடுதி அறையில் பாட்டில் என்ற காட்சி எவருக்கும் தெரியாததன்று. ஒரு தோழர் குடியை நிறுத்த முயல்கிறார் என்று தெரிந்தும், "ஒரு நாள்தானே" என்று கிளாசை நீட்டுபவர் அவருடைய எதிரி. கூட்டத்துக்குப் போகும் தோழர் அங்கே பேசியதைக் கமிட்டியில் அறிக்கை தரச் சொல்லக் கூடாது. அந்த அறையில் பேசியது அந்த அறையோடு என்பதே அது நிற்கும் அடித்தளம். கூட்டத்துக்குப் போகிறார் என்பதைக்கூட அவர் அனுமதியின்றி வெளியே சொல்லக் கூடாது. அவர் மீண்டும் வழுக்கினால், அதை ஒழுங்கு நடவடிக்கைக்கான விவகாரமாக எழுதிவிடுவது எளிது. குடித்துவிட்டு மனைவியை அடித்தாலோ கட்சிப் பணத்தைக் கையாடினாலோ அதற்கு நடவடிக்கை உண்டு, நோய் என்று அதை மன்னிக்க முடியாது. வழுக்கல் மட்டும் நடந்திருந்தால், மறுநாள் மாலை மீண்டும் அதே வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போவதே நடவடிக்கை. மூன்றாம், நான்காம் முறையிலும் பலர் மீண்டிருக்கிறார்கள்.

சிறு ஊர்களில் குழுவே இல்லாமல் இருக்கலாம். ஏ.ஏ.யின் மரபுப்படி இரண்டு மூன்று குடிநோயாளிகள் கூடினால் அது ஒரு குழு. அப்படிக் கூட முன்வருபவர்களுக்குத் தேவைப்படுவது வாரத்தில் ஒரு மாலை ஓர் அறை. சங்க அலுவலகத்தில் அந்த அறை இருக்கிறது. கொடியும் தலைவர்களின் படங்களும் இருக்கும் கூடத்தைவிட, பின்பக்கத்துச் சிறிய அறை நல்லது. மாற்றுக் கட்சிக்காரரும் தயங்காமல் வர வேண்டும் அல்லவா? வெளியாரிடம் நன்கொடை வாங்குவதில்லை என்பது அவர்கள் விதி. ஆகவே வாடகை தருவோம் என்பார்கள். வேண்டாம் என்று பெருந்தன்மை காட்டாமல், ஐம்பதோ நூறோ வாங்கிக்கொண்டு ரசீது எழுதிக் கொடுத்துவிட வேண்டும். பிறகு சாவியை அவர்களிடம் கொடுத்துவிட்டு, கூட்டம் முடியும் வரை அந்தப் பக்கம் யாரும் போகாமல் பார்த்துக்கொள்ள ஒரு தோழரை வாசலில் உட்கார வைத்தால் போதும்.